மலை நாடகத்தில் அம்மா

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் அம்மா ஒரு டிவி நாடகத்தில் நடித்தாள். இதைச் சொன்னால் எல்லோரும் ஆவலாக, "என்ன வேஷம்?" என்று கேட்கிறார்கள். கூட்டத்தில் ஒருத்தி என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

வேடசந்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். அப்பா நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தார். அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து பக்கத்துத் தோட்டங்களுக்கு மல்லிகைப்பூ எடுக்கப் போவாள். அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, அடுத்த வீட்டில் இருந்தாள். பொங்கல் சமயத்தில் ஓர் ஏஜென்ட் ஊருக்கு வந்து, சிறுமலை அடிவாரத்தில் நாடகம் எடுக்கிறார்கள், மலை ஜனங்களாக நடிக்கப் பொம்பளையாட்கள் வேண்டும் என்றார். மலையிலேயே ஆட்கள் இருக்கிறார்களே என்று யாரோ கேட்டதற்கு, "அவங்க எல்லாம் சட்டை பேண்ட்டு போட்டுக்கிட்டு செல்போனோட வாராங்க. பாத்தா மலை ஜனம் மாதிரியே இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டார். எங்களைப் பார்த்தால் அப்படி இருந்தது போலும்.

பள்ளிக்கூடம் லீவு என்பதால் அம்மா என்னையும் வேனில் கூட்டிப் போனாள். அங்கே பெண்கள் முகத்தில் கரியைக் குழைத்துப் பூசினார்கள். கழுத்தில் ஏழெட்டுப் பாசிமாலை, இடுப்பில் தழை. தொப்பி போட்ட ஒரு பையன் கதையைச் சொன்னான். உச்சி மலையில் ஒரு குலம் இருக்கிறது. அவர்கள் கீழே இறங்க மாட்டார்கள். கீழே இருந்து யாரும் மேலே வரவும் கூடாது. இறங்கினால் சாமி குத்தம். நோய் வந்தாலும் இறங்கக் கூடாது என்பது தலைவனின் கட்டளை. "அப்ப ஆஸ்பத்திரி?" என்று நான் கேட்டேன். பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

தீயைச் சுற்றி ஆடச் சொன்னார்கள். அம்மா ஆடினாள், செத்த நேரத்தில் வரிசையை விட்டு விலகி உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் எழுப்பி நிற்க வைத்தார்கள். மறுபடியும் உட்கார்ந்தாள். தொப்பிப் பையன் எரிச்சலோடு வந்தான்.

"அக்கா, முடியலேன்னா ஓரமாப் போயிருங்க. உங்களால எல்லாருக்கும் கெடுது."

அம்மா ஓரமாக என்னிடம் வந்து அமர்ந்தாள். கரி பூசிய முகத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. மத்தியானத்துக்கு மேல், குலத்தில் ஒருத்தி நோயில் செத்துப்போகும் காட்சிக்கு ஆள் கேட்டார்கள். பாடையில் படுக்க ஒருத்தியும் முன்வரவில்லை. "பொங்கலும் அதுவுமா பொணமாவா? நல்லாருக்கே!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நான் படுத்துக்கிறேன் தம்பி" என்றாள் அம்மா.

மூங்கில் பாடையில் படுக்க வைத்து, காட்டுப்பூக்களைப் போட்டு, நாலு பேர் தூக்கினார்கள். மூன்று தடவை எடுத்தார்கள். கேமராவை அம்மாவின் முகத்துக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோனார்கள். ஆடிய இருபது பேரில் ஒருத்தியிடம்கூட அது அவ்வளவு நெருங்கவில்லை. எங்கள் அம்மாவுக்குத்தான் பெரிய வேஷம் கிடைத்தது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது தடவை முடிந்ததும் எழுப்பினார்கள். அம்மா நிஜமாகவே தூங்கிப்போயிருந்தாள்.

திரும்பி வரும்போது வேனில் என் காதருகே குனிந்து சொன்னாள்: "அப்பாட்ட சொல்லாத ஆத்தா. ஆடுனேன்னு சொல்லிருவோம். தெரிஞ்சா வையும்."

எனக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் பட்டது. டிவியில் திடீரென்று அம்மா முகம் வந்தால் அப்பா எப்படி அசந்துபோவார்! தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அப்பா நம்பினார். "நீ ஆடுனியா? கல்யாணத்துல மேடையேறவே வெக்கப்பட்டவ!" என்று சிரித்தார். மில்லில் எல்லோரிடமும் சொன்னார்.

மாசியில் நாடகம் தொடங்கியது. விளக்கு வைத்த நேரத்தில் தெருவில் எல்லா வீட்டிலும் நாடகப் பாட்டின் உடுக்கைச் சத்தம் கேட்கும். கூட்டம் வரும்போதெல்லாம் அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்த் தேடுவார். அம்மா பாயில் படுத்தபடியே, "இன்னும் வரல, உக்காருங்க" என்பாள். அப்போதே அவள் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். சோறு இறங்கவில்லை. அப்பா திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். வயிற்றில் கட்டி, வெகுதூரம் பரவிவிட்டது என்றார்கள். பங்குனி பிறந்து பத்தாம் நாள் அம்மாவை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அப்பா ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு மாசத்துல வந்துச்சு, ஒரு மாசத்துல கொண்டுபோயிருச்சு. ஒரு அறிகுறியும் இல்ல. பொங்கலுக்குக்கூட நாடகத்துல ஆடிட்டு வந்தவ." வந்தவர்களும், "ஆமா, நமக்கு எப்படித் தெரியும்? விதி" என்பார்கள். அவர் தலையை ஆட்டுவார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்தார், குளித்தார், வேலைக்குப் போனார். என்னிடம் பேசுவது மட்டும் அறவே நின்றுபோயிருந்தது. சாப்பிட்டியா என்றுகூடக் கேட்பதில்லை. என்னைப் பார்த்தால் எங்கோ பார்ப்பது போல இருப்பார். அத்தைதான் சோறு கொண்டுவந்து போடுவாள்.

பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, சித்திரையில் ஒரு நாள், மில்லில் ஒருவர் வந்து அப்பாவிடம் சொன்னார்: நாளைக்கு அந்த நாடகத்தில் தீயைச் சுற்றி ஆடுகிறார்கள், விளம்பரத்தில் காட்டினார்கள்.

அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். டிவியைப் போர்த்தியிருந்த சேலையை எடுத்தார். எங்களிடம் அம்மாவின் படம் என்று இருந்ததெல்லாம் கல்யாண போட்டோவும் ரேஷன் கார்டும்தான். வீடியோ எடுக்கிற போன் எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. அம்மா கையை வீசி நடப்பதை, திரும்பிப் பார்ப்பதை, ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும். அத்தை தயங்கினாள்.

"வேணாம்ணே. இப்பப் பாத்தா தாங்காது."

"ஆடுறத ஒருக்கா பாத்துக்கிறேன் தாயி. அம்புட்டுத்தான்."

ஆட்டம் வந்தது. அப்பா கை எட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகத் தேடினார். "எந்த வரிசை?" என்று என்னைக் கேட்டார். நான் சத்தியத்தை நினைத்து வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டம் முடிந்து விளம்பரம் போட்டார்கள்.

"காணமே" என்றார் அப்பா. "வெட்டிட்டாய்ங்க போல."

"இன்னும் இருக்குப்பா! பாருங்க!" என்றேன்.

பாடை வந்தது. காட்டுப்பூக்களுக்கு நடுவே அம்மாவின் முகம் டிவி முழுக்க நிறைந்தது. அத்தை, "ஐயோ மதினி!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நாடகத்தில், கீழே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஒருவன் தலைவனிடம் கத்தினான். எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல் ஒரு பஸ் தூரம். எங்களை இறங்காதே என்று தடுக்க ஒரு தலைவனும் கிடையாது.

அம்மாவின் தொண்டைக்குழி லேசாக ஏறி இறங்கியது. "மூச்சு விடுதுப்பா, பாருங்க!" என்று விரலை வைத்துக் காட்டினேன். அதற்குள் முகம் போய் மலை வந்துவிட்டது.

அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா ஆடலையா?"

"ஆடுச்சு. ரெண்டு தடவை உக்காந்துருச்சு. அதான் படுக்க வச்சாங்க. அதுவேதான் படுத்துக்கிறேன்னுச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம்."

"ஏன் உக்காந்துச்சு?"

"தெரியல. கைய இங்க வச்சு அழுத்திக்கிருச்சு." என் அடிவயிற்றில் கையை வைத்துக் காட்டினேன்.

"அன்னைக்கு மட்டுமா?"

"இல்லப்பா, பூ எடுக்கப் போறப்பவும்தான். தீபாவளிக்கு முந்தியே."

அப்பா அதற்குப் பின் வெகுகாலம் இருந்தார். ஆனால் ஒரு மாசத்தில் வந்தது, ஒரு மாசத்தில் போனது என்று அவர் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. பேச்சு அம்மாவின் பக்கம் வந்தாலே எழுந்து போய்விடுவார். அம்மா ஏன் மறைத்தாள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் இன்றுவரை தெரியாது.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியவில்லை. ஒரு மாதமாக என் முகத்தைப் பார்க்காத அப்பா என்னையே பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறார், "அப்புறம்?" என்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றதை, பாதிச் சோற்றை நாய்க்கு வைத்ததை, சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு படுத்திருந்ததை, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கேட்பதை நிறுத்தி மறுபடியும் பேசாமல் போய்விடக் கூடாதே என்று, கேட்காததையும் யோசித்து யோசித்து எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.