அக்காவுக்குக் கல் என்று வந்தது

மனிதர்களோடு ஒத்துப்போகாத பெண் என்பதால் என்னைக் கால்நடை மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். "இவ வாய்க்கு மனுஷங்க தாங்க மாட்டாங்க. நாயும் மாடும்னா திருப்பிப் பேசாது" என்று பெரியப்பா குடும்பத்துக்கு நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். பள்ளிக்கூட ஆசிரியர் ஆயிற்றே, ஒரு பிள்ளையின் குணத்தைப் பார்த்ததும் வேலையைச் சொல்லிவிடுவார். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. நாய் தானாக மருத்துவமனைக்கு நடந்து வராது. அதை ஒரு மனிதர்தான் கூட்டிவருவார். கூடவே அவர் மனைவி வருவார், இணையத்தில் படித்த ஆறு பக்கம் வரும், வீடியோ காலில் அமெரிக்காவிலிருந்து மகனும் வருவான். நாய் வாயே திறக்காது. அதற்குப் பதிலாக இத்தனை பேரும் பேசுவார்கள்.

தாம்பரம் கிழக்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபது வருடமாக இந்தப் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் மனிதர்களை வகை பிரிப்பதில் நான் பெரிய ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. மேடவாக்கத்து அடுக்குமாடியில் பனிநாட்டு நாயை ஏசியில் வைத்து வளர்த்துவிட்டு, "ரொம்ப முடி கொட்டுது டாக்டர்" என்று அதிசயப்படுகிறவர் ஒரு வகை. "எங்க பையனுக்குக் கொஞ்சம் கோபம் வரும், மத்தபடி தங்கம்" என்று சொல்லிக்கொண்டே நாய்க்கு எட்டாத தூரத்தில் போய் நின்றுகொள்கிறவர் இன்னொரு வகை.

இவர்களில் நான் மனதார வெறுத்தது ஒரே ஒரு வகையைத்தான். அதற்கு 'போன் வந்தவர்கள்' என்று பெயர் வைத்திருந்தேன். பிழைக்க வழியில்லாத நாயை ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடலாம் என்று முடிவாகும். கையெழுத்துப் போடுவார்கள். நான் ஊசியைக் கையில் எடுத்ததும் சரியாக அவர்களுக்கு ஒரு போன் வந்துவிடும். "ஒரு நிமிஷம் டாக்டர், ஆபீஸ் கால்" என்று வெளியே போய்விடுவார்கள். பதிமூன்று வருடம் காலடியில் கிடந்த உயிரைவிட அந்த போன் முக்கியம். என்ன ஜென்மங்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அந்த அறையில் அப்போது மிஞ்சுவது மூன்று பேர். நான், நாய், அக்கா.

அக்கா எங்கள் உதவியாளர். பம்மலிலிருந்து வருகிறவர். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் மருத்துவமனை முதலாளியான பெரிய டாக்டர் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். கடிக்க வருகிற நாயை அவர் பிடிக்கிற விதத்தைப் பார்த்தால், பிடித்த மாதிரியே தெரியாது. சும்மா பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும், நாய் அசையாமல் இருக்கும். அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் இரண்டு. தூங்க வைக்கும் முன் நாயின் சொந்தக்காரரைப் பிடித்துவைத்துப் பெயர் விசாரித்துக்கொண்டிருப்பார். "அக்கா, என்ன ரேஷன் கார்டுல சேர்க்கப் போறீங்களா? சீக்கிரம் வாங்க" என்று பல தடவை கத்தியிருக்கிறேன். பிறகு, நான் நரம்பு தேடும்போது நாயின் காதருகே குனிந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். "ஜெபமெல்லாம் வீட்ல வெச்சிக்கோங்க அக்கா" என்று அதற்கும் ஒருநாள் சொன்னேன். அவர் முணுமுணுப்பதை நிறுத்தவில்லை.

போன வருடம் பெரிய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டு, நிர்வாகத்தைத் தன் மருமகனிடம் கொடுத்தார். மருமகன் மேலாண்மை படித்தவர். நாய் என்றால் நாற்காலி மேல் கால் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் நிர்வாகத்துக்கு மிகவும் பொருத்தமானவர். வந்த மாதமே எங்களுக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். டேப்லெட்டில் தொண்ணூறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'எப்போதும்' என்பது வரை ஐந்து கட்டம். முடிவில் நாம் நெருப்பா, நீரா, காற்றா, கல்லா என்று அது சொல்லிவிடும். இத்தனை வருடமாக நாங்கள் யாரென்றே தெரியாமல் வேலை செய்து வந்திருக்கிறோம், பாவம்.

கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்ததால், அக்காவுக்குப் படித்துச் சொல்லி அழுத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

"அய்ய, நமக்கு இன்னாத்துக்கு மேடம் பரீட்ச? எட்டாவதே நான் ஒயுங்கா எய்தல" என்றார்.

"உட்காருங்க அக்கா. எனக்கும்தான் தலையெழுத்து" என்றேன். வெளியே தடுப்பூசிக்கு ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ஒரு நாய் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"கூட்டத்துல இருந்தா உங்களுக்குச் சோர்வா இருக்குமா?"

"பம்மல்லேந்து டெய்லி ஷேர் ஆட்டோல வந்துகினு கீறேன். ட்ரைவர் சீட்ல பாதிதான் எனக்கு. சோர்வா இல்லாம?"

'எப்போதும்' என்று அழுத்தினேன்.

"புது ஆளுங்களைப் பாத்தா சந்தோஷமா இருக்குமா?"

"எந்த மாரி ஆளுன்னு பாக்காம எப்டி மேடம் சொல்றது?"

'ஒருபோதும் இல்லை' என்பதற்குப் பக்கத்துக் கட்டத்தை அழுத்தினேன்.

"மத்தவங்க அழுதா உங்களுக்கும் அழுகை வருமா?"

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். "வராது மேடம். நான் அய்தா கை ஆடிடும். கை ஆடுச்சுன்னா அது பயந்துக்கும்ல?"

'ஒருபோதும் இல்லை' என்று அழுத்தினேன். 'அது பயந்துக்கும்ல' என்பதைப் போட அந்தத் திரையில் கட்டம் இல்லை. நானும் தேடவில்லை. எனக்கு அவசரம்.

முடிவுகள் வந்தன. நான் நெருப்பு. வாடிக்கையாளர்களிடம் நான் பேசுவது குறையக் குறைய நிறுவனம் வளருமாம். புதிதாகச் சேர்ந்திருந்த இளம் டாக்டர் நீர். இரக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அது உண்மைதான். ஒருமுறை அவர் அழுத அழுகையைப் பார்த்து, நாயைப் பறிகொடுத்தவரே தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தார். அக்கா கல். இரக்கம் பதினொன்று.

தூங்க வைக்கும் அறைக்கு 'அமைதி அறை' என்று மருமகன் பெயர் மாற்றினார். வாசனை மெழுகுவத்தியும் காகிதக் கைக்குட்டையும் வைத்தார். அங்கே இனி நீர் வகையினர் மட்டும்தான். கல் வகை, தீவன மூட்டைகள் இருக்கும் ஸ்டோருக்குப் போக வேண்டும்.

"மேடம், இதுல பர்சனலா ஒண்ணும் இல்ல. டேட்டா பேசுது" என்றார்.

"டேட்டா வந்து நாயைப் பிடிக்குமா?" என்று கேட்டேன். நெருப்பு வகை அப்படித்தான் கேட்கும் என்பதுபோலப் புன்னகை செய்தார்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னை நெருப்பு என்றதற்கு அவரோடு அரை மணி நேரம் சண்டை போட்டேன். அக்காவைக் கல் என்றதற்கு இரண்டு நிமிடம்.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் வந்தார். "நான் எதனா தப்பு பண்ணிட்டனா மேடம்?"

"அதெல்லாம் இல்ல அக்கா. சம்பளம் அதேதான். வேலையும் லேசு."

"மூட்டை எண்றதுக்கு யாராச்சும் வருவாங்க மேடம். அந்த ரூம்ல அதுங்களுக்கு யாரு கீறா?" கண் கலங்கவில்லை. "என்னிய அங்கியே வுட்டுட சொல்லுங்க மேடம்."

"பாக்கலாம்" என்றேன். பிழைக்காத நாய்க்கு நாங்கள் சொல்லும் வார்த்தை அது. அக்காவுக்கும் அது தெரியும். ஸ்டோருக்குப் போனார்.

நான்கு மாதம் கழித்து என் நாய்க்குச் சிறுநீரகம் போயிற்று. சானடோரியம் ரயில் நிலையத்துப் படிக்கட்டில் மழையில் கிடந்த தெருநாய்க் குட்டி, என்னோடு பதிமூன்று வருடம் இருந்தது. என் வாயைத் தாங்கிக்கொண்ட ஒரே ஜீவன் அதுதான், பெரியப்பாவின் கணக்கு அந்த ஒரு இடத்தில் சரி. பத்து நாள் நானே வைத்தியம் பார்த்தேன். பிறகு மற்றவர்களிடம் நான் சொல்வதையெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு, ஒரு காலையில் அதைத் தூக்கிக்கொண்டு அமைதி அறைக்குப் போனேன்.

இளம் டாக்டர்தான் ஊசி போட வேண்டும். என் நாய்க்கு நானே போட முடியாது என்று என் கை சொல்லிவிட்டது. அறைக்குள் போனதும் மெழுகுவத்தி வாசனைக்கு நாய் தும்மியது. டாக்டருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததில் நரம்பு தெரியவில்லை. முதல் தடவை தவறியது, இரண்டாவதும் தவறியது. வாழ்நாளில் யாரையும் முறைக்காத என் நாய் பல்லைக் காட்டி உறுமியது. தலையைப் பிடித்திருந்த என் கைகள் கிடுகிடுவென்று ஆடின. வாழ்க்கையின் கடைசிப் பத்து நிமிடத்தில் அது பயந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியான வகையினர் சூழ இருக்கும்போது.

நல்ல பிள்ளை அந்த டாக்டர். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், ஸ்டோர்லேந்து அக்காவைக் கூப்பிடவா?" என்று அவரே கேட்டார். வாசலில் நின்ற மருமகன், "புரோட்டோகால் என்னன்னா..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். நெருப்பு வகையால் ஒரு பிரயோஜனம் உண்டு. அவர் முடிக்கவில்லை.

அக்கா முழங்கை வரை தீவனத் தூளோடு வந்தார். கையைக் கழுவினார். மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். பிறகு என்னிடம், "வூட்ல இன்னான்னு கூப்புடுவீங்க மேடம்?" என்றார்.

"ஃபைல்ல பேர் இருக்கே அக்கா."

"ஃபைல்ல கீற பேரு அதுக்கு இன்னா தெரியும்? வூட்ல கூப்புட்றது."

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். பாதி வசவு, பாதி மழலை. இத்தனை படித்த பெண் வாயிலிருந்து வரக் கூடாத சொல். மருமகன் காதுபடச் சொன்னேன்.

"அப்டி இல்ல மேடம். சோறு வெச்சிட்டு எப்டி கூப்புடுவீங்க? அந்த மாரி கூப்டு காட்டுங்க."

இழுத்துக் கூப்பிட்டேன். நாயின் ஒரு காது நிமிர்ந்தது. அக்கா குனிந்து, அந்தக் காதில் அதே பெயரை, நான் இழுத்த இடத்திலேயே இழுத்து, என் குரலில் சொன்னார். மறுபடியும் சொன்னார். விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். உறுமல் நின்றது.

இத்தனை வருடம் நான் பக்கத்தில் நின்று கேட்ட முணுமுணுப்பு இதுதான். போன் வந்தவர்கள் எல்லோரும் வெளியே போனபிறகு, அவரவர் குரலில் அவரவர் நாயைக் கடைசிவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தது இந்த அம்மாள். ஜெபத்தை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னது நான்.

டாக்டர் நரம்பைப் பிடித்துவிட்டார். மருந்தை எடுத்தார்.

"எனக்கு ஒரு போன் வந்திருக்கு" என்றேன். என் போன் காரில் இருந்தது. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும்.

அக்கா தலை நிமிராமல், "போய்ட்டு வாங்க மேடம். நான் கீறேன்" என்றார்.

வெளியே பூனைக்கூடையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கதவுக்கு உள்ளேயிருந்து என் குரல் என் நாயைச் சோற்றுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

மறுநாள் மருமகனிடம் போய், அக்கா அந்த அறைக்குத் திரும்ப என்ன செய்ய வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டேன். என் மரியாதையைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது. "இன்னொரு தடவை டெஸ்ட் எழுதலாம் மேடம். ஆனா நீர்னு வந்தாதான்" என்றார்.

மத்தியானம் டேப்லெட்டோடு ஸ்டோருக்குப் போனேன். அக்காவை ஒரு தீவன மூட்டையில் உட்கார வைத்து, நான் இன்னொன்றில் உட்கார்ந்தேன். இந்த முறை அவசரமில்லை. காரணங்களையெல்லாம் முழுக்கக் கேட்டேன். அவர் சொன்ன காரணத்துக்கு எந்தக் கட்டம் நியாயமோ அதை அழுத்தினேன்.

"மத்தவங்க அழுதா உங்களுக்கும் அழுகை வருமா அக்கா?"

"அன்னிக்கே சொன்னேனே மேடம். வராது. கை ஆடிடும்."

'எப்போதும்' என்ற கட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். விரல் ஆடி, பக்கத்துக் கட்டத்தில் பட்டது. அழித்துவிட்டு மறுபடி முயன்றேன். மறுபடியும் ஆடியது. நான் எதை அழுத்தப் போகிறேன் என்று அக்காவுக்குத் தெரியாது. ஆனாலும் கையை நீட்டி, ஊசிக்கு நாயின் காலைப் பிடிப்பதுபோல என் மணிக்கட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.