மலாக்காவில் நாலு மணி வரை

போன வாரம் எங்கள் மாடி போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் இளம் தம்பதி கீழே இறங்கி வந்தார்கள். மலேசியா டூர் போகிறார்களாம்.

"அங்கிள், மலாக்காவுக்கு ட்ரெயின் இருக்கா? நீங்க போயிருக்கீங்கன்னு ஆன்ட்டி சொன்னாங்க."

"மலாக்காவுக்கு ட்ரெயினே கிடையாதும்மா."

"அப்ப நீங்க எதுல போனீங்க?"

"ட்ரெயின்லதான்."

அந்தப் பெண் புருஷனை ஒரு பார்வை பார்த்தது. கிழவருக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருக்கும். தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்!

விஷயம் இதுதான். மலாக்கா ஊருக்குள் ஒரு காலத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தது. யுத்தத்தின்போது ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் யாரும் திரும்பப் போடவில்லை. தம்பின் என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். எண்பத்து மூன்றில் நானும் அப்பாவும் அப்படித்தான் போனோம்.

நான் அப்போது சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். அப்பா புதுச்சேரியிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். பார்க்க வந்தது என்னை இல்லை என்பது வந்த மறுநாளே தெரிந்துவிட்டது.

"மலாக்கா இங்கேர்ந்து எவ்ளோ தூரம்டா?"

மலாக்காவில் இருந்தது லூர்து அத்தை. அப்பாவின் ஒரே அக்கா. பிரெஞ்சுக்காரன் காலத்தில், எங்கள் ஊருக்கு வந்த மலாக்காத் தமிழர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கப்பலேறியவர். மாமா கோயிலுக்குப் போகிறவர். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். போதாதா? வீட்டில் அத்தையின் பேரையே எடுக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. ஆனாலும் முப்பத்தைந்து வருஷமாக, தவறாமல் ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வரும். அப்பா ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. ஒன்றையும் கிழித்துப் போட்டதும் இல்லை.

நான்தான் அத்தைக்கு லெட்டர் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு வருகிறோம் என்று. எனக்கு லீவு ஒரே நாள். அப்பாவுக்குத் திங்கட்கிழமை கப்பல். காலையில் போய்விட்டு அன்றைக்கே திரும்பியாக வேண்டும்.

தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் சுங்கச் சோதனை. அப்பாவிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. ஆபீசர் மூடியைத் திறந்தார்... அடுத்த நொடி அடுக்குத் தும்மல்! உள்ளே எங்கள் ஊர் வடகம். வெங்காயமும் பூண்டும் வெந்தயமும் இடித்துக் காயவைத்த உருண்டைகள். ஆபீசர் மூக்கைப் பிடித்துக்கொண்டே எங்களைப் போகச் சொன்னார்.

ரயில் பெட்டியில் ஜன்னலோரம் அப்பா. வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. ரப்பர் மரங்கள் வந்துகொண்டே இருந்தன. அப்பா அவற்றைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. தம்பின் வருகிற வரைக்கும் டின்னை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஒரு மணிக்கெல்லாம் அத்தை வீட்டுத் தெருவில் இருந்தோம். குறுகலான தெரு, ஓட்டு வீடுகள், மரச் சட்டம் போட்ட ஜன்னல்கள், பக்கத்திலேயே கடல். நம்பர் சரி. கதவு சாத்தியிருந்தது. நான் தட்டப் போனேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா இது, மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு வீட்டுக் கதவத் தட்டுவாங்களா? நாலு மணி ஆவட்டும்."

புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு மணிக்குக் கடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நடுவில் ஊரே தூங்கும். அப்பா முப்பது வருஷம் நொத்தேர் என்கிற நோட்டரி ஆபீசில் பத்திரம் எழுதியவர். அந்த நேரத்தில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது அவரைப் பொறுத்தவரை கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

"அப்பா, ஒரு மணிக்கு வர்றோம்னு லெட்டர் போட்டிருக்கேன்! இங்க யாரும் தூங்கலப்பா! எல்லாக் கடையும் தொறந்திருக்குது பாருங்க!"

"அவ நம்ம ஊருக்காரிடா."

எதிரே ஒரு சீனர் காபிக் கடை. அங்கே போய் உட்கார்ந்தோம். தம்பினில் ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அதை விட்டால் ரயில் இல்லை. நான் வாட்சைப் பார்க்கிறேன், அப்பா கதவைப் பார்க்கிறார். ஒரு காபி, இரண்டு காபி, ஆளுக்கொரு பன். இரண்டரை ஆனபோது நான் வெடித்துவிட்டேன்.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? மரியாதை மரியாதைன்னு இங்கியே உக்காந்துகினு..."

அப்பா கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ கப்பலேறுன அன்னிக்கு மத்தியானம் சொல்லிக்கினு போவ வந்தா. நான் ரூமுக்குள்ள இருந்தேன். தட்டினா... 'தம்பி, தம்பி'ன்னு கூப்பிட்டா. நான் தூங்குற மாரி படுத்துகினேன்டா. தொறக்கல."

அவர் கண்ணில் தெரிந்தது மரியாதை இல்லை, பயம். தட்டினால் அவளும் திறக்காமல் இருந்துவிட்டால்? எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. நானும் கதவைப் பார்க்க ஆரம்பித்தேன்.

நாலு அடித்தது. அப்பா எழுந்து தலையைச் சீவிக்கொண்டார். தெருவைத் தாண்டினார். இரண்டே தட்டு.

கதவு உடனே திறந்தது. அத்தை பின்னாலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார்! அப்பாவின் அதே மூக்கு, அதே நெற்றி, வெள்ளைத் தலை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அத்தை அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடா... இப்பதான் எழுந்தியா?"

அவ்வளவுதான். அறுபத்திரண்டு வயது மனிதர் நிலைப்படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு ஜன்னல் இடுக்கால பாத்தேன்டா. படுத்துகினு கட்டைவெரல ஆட்டிக்கினு இருந்தே. தூங்குறவன் வெரல ஆட்டுவானா?"

"ஒரு மணிக்கே எங்களப் பாத்துட்டீங்களா அத்தை?" என்றேன் நான்.

"பாக்காம? ஒரு மணிலேர்ந்து இந்த ஜன்னல்லதான் நிக்கிறேன். அவனே வந்து தட்டணும்னு இருந்தேன்."

தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு ரோஷம், அந்தப் பக்கம் ஒரு பயம். நடுவில் மூன்று மணி நேரம் போயே போய்விட்டது!

மதியத்துக்கு வைத்த மீன் குழம்பு ஆறிப்போயிருந்தது. மாமா காலமாகியிருந்தார்; தனியாக இருந்த அத்தையும் சாப்பிட்டிருக்கவில்லை. மூன்று பேரும் நாலே காலுக்கு உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா முள் எடுத்துத் தரச்சொல்லி அடம் பிடிக்காத குறை. வாய் ஓயாமல் பேசினார்கள். யார் செத்தது, யாருக்குக் கல்யாணம், எந்த வீடு இடிந்தது... பாதியில் நான் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கொடுமையான வாக்கியம் அதுதான்.

ரயிலில் அப்பாவிடம் கேட்டேன், "மூணு மணி நேரம் வீணாப் போச்சேப்பா?"

"அடுத்த வருஷம் பத்து நாள் தங்கற மாரி வரலாம்டா. அக்காகிட்ட சொல்லிட்டேன்," என்றார், சந்தோஷமாக.

அடுத்த வருஷம் ஜனவரியில் அத்தை போய்விட்டார். முந்தின மாதம் கிறிஸ்துமஸுக்கு முதல் முறையாக அப்பா அனுப்பிய கார்டு, அத்தையின் தலைமாட்டில் இருந்ததாகப் பக்கத்து வீட்டார் எழுதியிருந்தார்கள்.

பெரியவர்களைக் குறை சொல்லக்கூடாதுதான். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மாடி வீட்டுப் பெண் இதைக் கேட்டுவிட்டு, தன்னோடு பேச்சை நிறுத்திவிட்ட அண்ணனுக்கு அங்கேயே நின்று போன் போட்டது. "தூங்கிட்டிருப்பாரோ என்னமோ..." என்று பாதியில் கட் பண்ணப் போனது.

எழுப்பும்மா என்றேன்.