பாதையின் குறுக்கே விரித்த வலை

அந்த வலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

பிடித்து முடித்த ஈர வலையைத்தான் பாறையில் விரித்துக் காயவைப்பார்கள். நூலில் நீர் சொட்டும், செதில் மின்னும். இது காய்ந்த வலை. பாறையில் அவ்வளவு இடம் இருந்தும், மேட்டுப் புதரிலிருந்து தண்ணீர் விளிம்புவரை பாதையை அடைத்துக் கிடந்தது...

எங்கள் பென்னாகரம் பக்கத்தில் கடல் ஏது? அணை கட்டிய பிறகு காவிரி ஏறி வந்து எங்கள் ஊருக்குக் கீழே வளைந்து நின்றுவிட்டது. பரிசல்களைக் கவிழ்த்து வைப்பதும், மீன் பிரிப்பதும் அந்த வளைவில்தான். மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திய பிறகு, விடிந்ததும் அந்தக் கரையோரமாக மறுமுனைப் பாறைவரை நடந்து திரும்புவேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

விறகுக் கட்டோடு போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். குடத்தோடு போனாலும் சரி. நான் வெறுங்கையோடு நடந்தேன்... அதுதான் பொறுக்கவில்லை.

பெண்பிள்ளை வலையைத் தாண்டினால் மீன் சேராது என்பார்கள் எங்கள் பக்கத்தில். அதற்காகவே விரித்திருந்தார் பெரியப்பா. பரிசல் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

“எங்கம்மா கெளம்பிட்ட? சேலம் கலெக்டர் கச்சேரிக்கா?”

பக்கத்தில் துடுப்பு செதுக்கிக்கொண்டிருந்த முனியண்ணன் சிரித்தார். “தொரசாணி காத்து வாங்கப் போறாங்க, பெரியப்பா!”

“வயசுக்கு வந்த புள்ளைக்குக் கரையில என்ன வேல? வூட்டுக்குப் போ. வலையத் தாண்டிக்கீண்டி வெச்ச, உங்கப்பனுக்கும் சேத்துத்தான் மீனு கெடைக்காது, ஆமா!”

அப்பாவும் அந்த வலையில் பங்காளிதான்.

எனக்கு வாய் வராது. இன்றைக்கானால் நறுக்கென்று கேட்டிருப்பேன் என்று எழுத ஆசைதான்... இல்லை, இன்றும் கேட்கமாட்டேன். ஆனால் இப்போது என் தங்கை அதே கரையில் கையை வீசிக்கொண்டு நடக்கிறாள். யாரும் குறுக்கே எதையும் விரிப்பதில்லை. அன்று நான் திரும்பியிருந்தால் அவளுக்கும் அந்தப் பாதை இல்லை.

“இன்னும் என்னடி நிக்கற?” என்றார் பெரியப்பா.

பாவாடையை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு காவிரிக்குள் இறங்கினேன். வலையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் கரையேறி, மறுமுனைப் பாறையை நோக்கி நடந்தேன்.