பெல்கரியாவில் முடியாத போட்டி

மினதி சர்கேல், ஹோமியோபதி மருந்துக்கடை ஒன்றில் பொட்டலம் மடிப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பெல்கரியாவில் எங்கள் சந்துப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தருவாள். அவள் குரலெடுத்தால் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்ட ரயில் திரும்பி வந்து நிற்கும். அப்படி நின்ற ரயிலில் நானே இரண்டு முறை ஏறியிருக்கிறேன்.

குடிசை, ஆறு, இரண்டு மலை, நடுவில் சூரியன் என்று எந்தப் பிள்ளையாவது வரைந்தால் போச்சு. “பெல்கரியாவுல மலையை எங்கடா பாத்தே? உங்கப்பா தொப்பையா?” என்பாள். எல்லாரையும் சந்துக் கடைசியில் இருக்கும் குளத்துக்கு ஓட்டிப் போவாள். முதல் தாளில் அங்கே இருப்பதை இருக்கிறபடி வரைய வேண்டும், ஆகாயத்தாமரையில் சிக்கிக் கிடக்கும் பாலிதீன் பை உட்பட. இரண்டாவது தாளில் அந்த இடம் எப்படி இருந்தால் பிடிக்கும் என்பதை. ஒருத்தி தவளைகளுக்குப் படிக்கட்டு வைத்தாள். ஒருவன் மீன்கொத்தி உட்கார மூங்கில் நட்டான்.

அந்தக் குளத்தைத் தூர்த்துக் கல்யாண மண்டபம் கட்டப்போவதாக எங்கள் சந்துச் சங்கத்தின் செயலாளர் போம்போல் தத்தா அறிவித்தார். மினதி போய்க் கேட்டாள்.

“கொசுப் பண்ணைக்கா இவ்வளவு அழுகை, மினு? ஞாயித்துக்கிழமை மண் லாரி வருது” என்றார்.

அவள் அழவில்லை. லாரி வந்தபோது சந்தின் குறுக்கே வழியை அடைத்துக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே சாக்கு விரித்து, பலகையும் கிளிப்புமாகப் பிள்ளைகள். மேலே துணியில் ‘உட்கார்ந்து வரையும் போட்டி’. எங்கள் பக்கம் எல்லாச் சங்கமும் நடத்துவதுதான். முடிவு விசில் ஊதும்வரை எந்தப் பெரியவரும் கயிற்றைத் தாண்டக் கூடாது. பெற்ற தாயே ஆனாலும் சரி.

“என்ன கூத்து இது? பசங்களை எழுப்பு!” என்றார் லாரியோடு வந்த தத்தா.

“போட்டி நடக்குது, தத்தா பாபு. கயித்துக்கு அந்தப்பக்கம் நில்லுங்க.”

“எப்ப முடியும்?”

“விசில் ஊதினா.”

“ஊதித் தொலையேன்!”

“நடுவர் நான். மாட்டேன்.”

அவர் ஒரு காலைக் கயிற்றுக்குள் வைத்தார். அவ்வளவுதான், சந்தின் ஜன்னல்கள் அத்தனையிலும் அம்மாக்கள் முளைத்தார்கள்.

“தத்தா பாபு, என் பொண்ணு பாதிதான் வரைஞ்சிருக்கா. காலை எடுங்க!”

“போன வருஷப் போட்டியில பென்சில் சீவிக் குடுத்ததுக்கு எங்க வீட்டுக்காரரைக் கழுத்தப் பிடிச்சு வெளியே தள்ளினது யாரு? நீங்கதானே?”

லாரிக்காரர் பீடியை அணைத்தார். “எம்பொண்ணும் போட்டிக்குப் போறவதான் பாபு. நடுவுல யாராவது படத்தைத் தொட்டா ரெண்டு நாள் சோறு திங்கமாட்டா. நான் கிளம்புறேன்.”

“நாளைக்கு வேற லாரி வரும்!” என்று கத்தினார் தத்தா.

“வரட்டும். நாளைக்கும் இதே போட்டிதான்” என்றாள் மினதி.

மறுநாளும் வந்தது, மறுவாரமும் வந்தது. வந்த லாரியெல்லாம் பின்பக்கமாகவே போய்ப் போய், இப்போது அந்த ஓட்டுநர்களுக்கு முன்னால் ஓட்டவே வராது. பிள்ளைகளின் இரண்டாவது தாளில் இருந்தவை ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்து சேர்ந்தன. அப்பாக்களே மூங்கில் சுமந்தார்கள். போட்டியாளர்களில் சிலருக்கு மீசை முளைத்துவிட்டது. ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்து வண்ணம் தீட்டுகிறாள்.

போன மாதம் பதவிக்கு வந்த புதுச் செயலாளர் கயிற்றுக்கு வெளியே நின்று பவ்வியமாகக் கேட்டார்: “தீதி, போட்டி எப்ப முடியும்?”

மினதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஷ்ஷ்! வரைஞ்சுக்கிட்டிருக்காங்க.”