மூட்டையும் டோலியும்

காலை மணி ஆறு இருபது. கண் விழித்ததும் பார்த்தது, மரத்தடியில் அடுக்கியிருந்த புளி மூட்டைகளை. எழுபதுகளின் கடைசி. புளி விலை பற்றிப் பத்திரிகைக்கு எழுதுவதற்காக, போளூர் வியாபாரி ஒருவரோடு முந்தைய நாள் ஜவ்வாது மலையேறியிருந்தேன். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. கீழே லாரி நிற்கும் இடம்வரை ஆட்கள்தான் சுமக்க வேண்டும். கூலி பேசி முடித்தாயிற்று.

வந்தவர்கள் மூட்டையைத் தொடவில்லை. கடைசி வீட்டுப் பெண்ணுக்கு இரவிலிருந்து பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். போளூர் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி செய்துகொண்டிருந்தார்கள். மாற்றி மாற்றித் தூக்க எட்டுப் பேர் வேண்டும். ஊரில் திடமான ஆண்கள் அவ்வளவுதான்.

"இன்னாப்பா இது? லாரி நாள் பூரா நின்னுக்குனு இருக்குமா?" என்றார் வியாபாரி. "ரெண்டு பேராவது மூட்டைக்கு வாங்க. டபுள் கூலி."

ஓர் இளைஞன் மூங்கிலை விட்டு விலகினான். "மூட்டை தூக்குனா கூலி, இதுக்கு ஒண்ணும் கிடையாது. இது இன்னா நாயம்ண்ணே? என் வூட்ல அடுப்பு எரியல."

"அவ இன்னா மூட்டையாடா?" என்றார் மூங்கிலின் முன்முனையைப் பிடித்திருந்தவர். "டோலிக்குக் கூலின்னு ஆயிட்டா, நாளைக்கு உன்ன எவன் தூக்குவான்? உன் கனத்துக்குக் கட்டுப்படியாவுமா?"

யாரோ சிரித்தார்கள். அதற்குள் கம்பளியில் கிடத்தியிருந்த அவள் அலறியதும் சிரிப்பு நின்றது. அவள் புருஷன் மடியை அவிழ்த்தான். "இந்தா தம்பி, இருக்கறத எடுத்துக்க."

"மடிய கட்டுண்ணே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே இளைஞன் மூங்கிலைத் தோளில் வாங்கினான்.

பின்னால் நானும் வியாபாரியும் இறங்கினோம். "புளிய வித்தா காசு வரும் சார், அதுலருந்து கூலி தர்றேன். இவள எறக்குனா எவனுக்கு இன்னா லாபம்? யார் தருவான்?" என்றார். அவர் கணக்கில் பிழை எதுவும் அகப்படவில்லை. அதுதான் என்னை நிம்மதியாக நடக்கவிடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவரே முன்னால் ஓடி, "பாத்து, பாத்து, கல்லு" என்று டோலிக்காரர்களிடம் கத்தினார். திரும்பி வந்து, மழை வந்தால் மூட்டை நனையுமே என்று புலம்பினார்.

லாரியில் காலிச் சாக்குகளைப் பரப்பி அவளைக் கிடத்தினோம். புருஷன் ஏறிக்கொண்டான். வியாபாரியும் நானும் முன்னால் உட்கார்ந்தோம். மற்றவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மலையேறத் தொடங்கினார்கள்.

மதியம் ஆஸ்பத்திரியில் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள்.

சரக்கு ஏற்றாத அந்த நடைக்கு வியாபாரி லாரிக்காரருக்கு முழு வாடகை கொடுத்தார்.