நியூட்ரலில் நின்ற கார்

ஆடுகோடியில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் எல்லாக் கார்களுக்கும் இடம் போதாது. ஒருவர் காருக்குக் குறுக்கே இன்னொருவர் நிறுத்துவோம். குறுக்கே நிறுத்துபவர் கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இறக்கிவிட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைக் கையால் தள்ளிவிட்டுத் தன் வண்டியை எடுப்பார். யாரும் மீறாத வழக்கம் அது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் என் கணவர் வாங்கிய ஆட்டோமேட்டிக் கார் இதற்கு ஒத்துவரவில்லை. லீவரை 'பி'யில், அதாவது பார்க்கிங்கில், வைத்தால்தான் சாவி வெளியே வரும். 'பி'யில் வைத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

அந்த வாரமே மாடிவீட்டுக்காரர் எங்கள் கதவை உதைத்தார்.

"மரம் மாதிரி நட்டு வச்சிட்டு வந்து காபி குடிக்கிறியா, குரு? தள்ளித் தள்ளி என் இடுப்பே போச்சு!"

"ஆட்டோமேட்டிக் சார், அப்படித்தான் நிக்கும்" என்றார் கணவர்.

"ஆட்டோமேட்டிக்தானே? அப்ப அதையே நகரச் சொல்லு!"

கீழே போய் எங்கள் காரின் பக்கக் கண்ணாடியை முட்டியால் குத்தி உடைத்தார். கையில் ரத்தம் வழிய எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

கணவர் பணிந்துபோனார். சாவியை எடுத்தபின், லீவருக்குப் பக்கத்திலிருந்த சின்ன மூடிக்குக் கீழே உள்ள பொத்தானை அழுத்தி, லீவரை நியூட்ரலுக்கு நகர்த்தக் கற்றுக்கொண்டார். கேட்டை நோக்கித் தரை சரிவு என்று சொன்னேன். முன்சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்தார்.

ஒரு நாள் காலை மாடிவீட்டுக்காரருக்கு அவசரம். செங்கல்லைக் காலால் எத்திவிட்டு எங்கள் காரைத் தோள் கொடுத்துத் தள்ளினார். என் மகள் பள்ளி வேனுக்காகக் கேட் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். நான் பால்கனியிலிருந்து கத்தினேன். நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள், காரைப் பார்க்கவில்லை. என்ஜின் ஓடாத கார் வருவது காதில் விழாது. பம்பர் அவள் தொடையைத் தூணோடு நசுக்கியபோதுதான் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை இப்போதும் தூக்கத்தில் கேட்கிறேன்.

நான் இறங்கி ஓடியபோது ஆண்கள் இருவரும் மண்ணில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். கணவர் அவர் தலையைத் தரையில் மோதினார். அவர் இவர் கழுத்தை நெரித்தார்.

"கல்ல ஏன்டா எடுத்த?"

"நீ பிரேக் போட்டிருக்கணும்டா!"

குழந்தை இன்னும் காருக்கும் தூணுக்கும் நடுவில். செருப்பைக் கழற்றி இருவரையும் மாறி மாறி அடித்தேன். "வண்டியத் தள்ளுங்கடா, பாவிங்களா!" அவர்கள் காதில் விழவில்லை. எதிர்ப் பட்டறையிலிருந்து வெல்டிங் ஆட்கள் ஓடி வந்து காரை மேட்டில் ஏற்றினார்கள். அவள் என்மேல் சரிந்தாள். வெள்ளைச் சாக்ஸ் முழுக்க ரத்தம்.

அறுவை சிகிச்சை முடிந்ததும், காலை எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். விரல்களை அசைக்கச் சொன்னார். அசைத்தாள். பிறகு குழறிய குரலில் கேட்டாள்: "அம்மா, அப்பா அந்த அங்கிள விட்டுட்டாரா?"

"விட்டுட்டாரும்மா."

வெளியே கிழிந்த சட்டையோடு கணவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.