காற்றின் கண்ணை நான் மூடிய மதியம்

அப்பா போய் ஓராண்டு நிறைந்துவிட்டது. இந்த நினைவு மலர் அவரைத் தெரிந்தவர்கள் கையில்தான் இருக்கும் என்பதால், பெரிய மகான் என்றெல்லாம் நான் புளுகப் போவதில்லை.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். கட்டுமரத்தில் போன அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, திரும்பவே இல்லை. உடல் கிடைக்காதவருக்காகக் கடல் பக்கத்து ஜன்னலை மூடாமல் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அப்பா படித்து, தாம்பரத்தில் ஆங்கில ஆசிரியராகி, செம்பாக்கம் ஏரிக்கரையில் வீடு கட்டியபோது அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். கிழக்கு ஜன்னலை யாரும் மூடக் கூடாது. மழைச் சாரலில் என் நோட்டெல்லாம் நனைந்ததுதான் மிச்சம்!

வகுப்பில் ‘விண்டோ’ என்ற சொல்லை அப்பா நடத்தினால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

“வடக்குக் கடல்ல கப்பல் ஓட்டினவங்க பேச்சுடா அது. காத்தோட கண்ணுன்னு அர்த்தம். கண்ணாடி இல்லாத காலம், சுவத்துல வெறும் ஓட்டைதான். நம்ம ஆளு காலதர்னான், காத்து வர்ற வழி. வழின்னா நாம விடுறது. கண்ணுன்னா? அது நம்மளப் பாக்குது இல்ல?”

படுக்கையில் விழுந்ததும் அப்பாவின் ஆங்கிலம் போய், குப்பத்துப் பேச்சு திரும்பிவிட்டது. கடைசி நாள் மதியம், கொசுத் தொல்லை தாங்காமல் அந்த ஜன்னலை மூடித் தாழ்ப்பாள் போட்டேன்.

“மூடாதம்மா. தம்பி வந்துகினு கீறான்.”

“சும்மா தூங்குங்கப்பா!” என்று எரிந்து விழுந்தேன். அவரிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கஞ்சி எடுத்துக்கொண்டு திரும்பினால், ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அப்பா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியபடி போய்விட்டிருந்தார். நாலு மாதமாக எழுந்து உட்காரவே முடியாதவர் அவர். ஜன்னல் விளிம்பில் ஈர மணல். எங்கள் ஏரிக்கரையில் ஏது மணல்? ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

அப்பாவைப் புரட்டிக் குளிப்பாட்டிய நர்ஸ் அக்காவுக்கும், மூன்று வேளையும் சோறு அனுப்பிய எதிர்வீட்டாருக்கும், பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டியும் உடலை எடுப்பதற்குள் ஓடிவந்த அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் மூடியதைத் திறந்து அப்பாவை அழைத்துப்போன சித்தப்பாவுக்கும் நன்றி.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், சித்தப்பா. உங்கள் அண்ணன்தான் வந்துவிட்டாரே. பிறகு ஏன் நான் மூடும் ஜன்னல் தினமும் மதியம் திறந்து கிடக்கிறது? அந்தக் கட்டிலில் இப்போது அம்மா படுத்திருக்கிறார்.